விண்ணை அளந்தவர் பெண் தேடிய கதை

கோள்கள் கதிரவனை நீள்வட்டப் பாதையில் சுற்றுகின்றன என்று உலகிற்கு உணர்த்திய ஜோகன்னஸ் கெப்ளரை அறிவியல் மாணவர் அனைவரும் அறிவர். அவர் பெண் தேடியதிலும் ஒரு கணக்கு ஒளிந்திருப்பதை எத்தனை பேர் அறிவோம்?

1571-ஆம் ஆண்டு டிசம்பர் 27-ஆம் நாள் ஜெர்மனியில் பிறந்தார் கெப்ளர். தந்தை கூலிப் படைவீரர். போருக்குச் சென்றவர் வீடு திரும்பவே இல்லை. பெரியம்மை சிறுவனின் பார்வையை மங்கச் செய்தது. எனினும் உதவித்தொகை பெற்று டூபிங்கன் பல்கலைக்கழகத்தில் பயின்றார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவன் நான். ஆதலால் அவர் வாழ்வின் இப்பகுதி என் நெஞ்சுக்கு நெருக்கமானது.

1597-இல் பார்பராவை மணந்தார். பிராகு நகரில் டைக்கோ பிராகியின் அளவீடுகளைக் கொண்டு செவ்வாயை ஆராய்ந்தார். ஒரு பாகையில் அறுபதில் எட்டுப் பங்கு வேறுபட்டதற்காகவே பழைய கொள்கையைக் கைவிட்டார்! 1609-இல் முதலிரு விதிகளும் வெளிவந்தன.

1611-இல் பேரிடி விழுந்தது. மகன் ஒருவன் இறந்தான்; மனைவியும் மறைந்தார். தாயற்ற இரு குழந்தைகளுடன் லின்ஸ் நகருக்குக் குடிபெயர்ந்தார். மறுமணத்திற்காக அவர் எண்ணிப் பார்த்த பெண்கள் பதினொருவர். அவர்களைப் பற்றி ஒரு பிரபுவுக்கு வரிசையாக எழுதியும் வைத்தார்.

இதனையொத்த புதிர் ஒன்றை 1960-இல் மார்ட்டின் கார்ட்னர் பரவச் செய்தார். 11 பேர் ஒருவர்பின் ஒருவராக வருகின்றனர். வேண்டாமென்று விட்டவரை மீண்டும் அழைக்க இயலாது. மிகச் சிறந்தவரைத் தேர்வது எங்ஙனம்? மொத்த எண்ணிக்கையை இயல் மடக்கையின் அடிமானமாகிய 2.718-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 4 வரும். முதல் நால்வரைப் பார்த்துவிட்டு, அவர்களினும் மேம்பட்டவர் வந்தவுடன் தேர்ந்துவிட வேண்டும். குருட்டாம்போக்கில் தேர்ந்தால் வெற்றி வாய்ப்பு 9 விழுக்காடு. இம்முறையிலோ 40 விழுக்காட்டை நெருங்கும்.

கெப்ளர் மணந்தது யாரை? ஐந்தாமவரை! ஆனால் அவர் அங்கே நிற்கவில்லை. மற்ற அறுவரையும் எண்ணிப் பார்த்த பின்னரே ஐந்தாமவரிடம் மீண்டார். சூசன்னா தாய்தந்தையற்றவர், தச்சரின் மகள், சீதனமும் இல்லை. குலமும் பொருளும் போதாவென நண்பர்கள் தடுத்தனர். கெப்ளரோ அன்பையும் அடக்கத்தையும் சிக்கனத்தையும், மூத்தாள் குழந்தைகளிடம் அவர் காட்டக்கூடிய பரிவையும் எண்ணினார். 1613 அக்டோபர் 30-இல் திருமணம் நிகழ்ந்தது.

அவ்வமயம் வாங்கிய மதுப் பீப்பாய்களை வணிகர் ஒரு கோலை நுழைத்து அளந்தது அவர் சிந்தையைத் தூண்டிற்று. பீப்பாய்களின் கனஅளவு பற்றிய நூல் 1615-இல் பிறந்தது. மூன்றாம் விதியை 1618-இல் கண்டார். 1630-இல் மறைந்தார்.

என் அக்காவுக்கு வரன் பார்க்கும் இந்நாளில், வருவோர் முதலில் கேட்பது சவரன் கணக்கே. எப்போது தேடலை நிறுத்துவது என்பதைக் கணிதம் சொல்லும். ஒருவரிடம் எதை எண்ணுவது என்பதை நாமே தீர்மானிக்க வேண்டும். விண்ணை அளந்த மேதை சீதனத்தை எண்ணவில்லை. மாணவ நண்பர்களே, நாளை நமக்குப் பெண் பார்க்கும்போது நாம் எதை எண்ணப் போகிறோம்?