எஞ்சினுக்குப் பெயர் கொடுத்தவர்



கவிதைகளுக்கு நடுவே இயந்திரவியல் பிரிவிலிருந்தும் ஒரு கட்டுரை வேணும் என்று மன்றத்து நண்பர்கள் கேட்டார்கள். ஐ.சி. எஞ்சின் லேபில் தினமும் நாம் உச்சரிக்கிற ஒரு பெயரை எடுத்துக்கொண்டேன். டீசல் என்பது முதலில் எண்ணெய்க்கு வைத்த பெயர் அல்ல, ஒரு மனிதரின் பெயர். முழுப்பெயர் ருடால்ஃப் டீசல்.

1858 மார்ச் 18-ல் பாரிஸில் பிறந்தார். பெற்றோர் ஜெர்மானியர்கள், அப்பாவுக்குத் தோல் சாமான் செய்யும் தொழில். 1870-ல் போர் மூண்டதும் குடும்பம் லண்டனுக்கு ஓடியது. அங்கே சாப்பாட்டுக்கே கஷ்டம். பன்னிரண்டு வயசுப் பையனை ஆக்ஸ்பர்க் நகரத்து உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். படித்தது போதும், வேலைக்குப் போகட்டும் என்பது பெற்றோர் எண்ணம். அவரோ உதவித்தொகை வாங்கிக்கொண்டு 1875-ல் மியூனிக் போனார். அவர் சேர்ந்த கல்லூரியும் அப்போது பாலிடெக்னிக்தான் என்பது நமக்கு ஒரு பெருமை! 1879-ல் டைபாய்டு வந்து பரீட்சை எழுத முடியாமல் போயிற்று. 1880 ஜனவரியில் எழுதி உயர்ந்த மதிப்பெண்ணில் தேறினார். (அரியர் வைத்திருக்கும் நண்பர்கள் கவனிக்க.)

அவருக்கு தெர்மோடைனமிக்ஸ் எடுத்தவர் கார்ல் வான் லிண்டே. ஐஸ் மெஷின் புகழ் லிண்டேயேதான். நீராவி எஞ்சினில் போடும் நிலக்கரியின் வெப்பத்தில் 6 முதல் 10 சதவீதம்தான் வேலையாக மாறுகிறது, மீதியெல்லாம் வீண் என்று வகுப்பில் கேட்டது டீசலின் மனதில் தைத்துவிட்டது. அதோடு இன்னொரு எண்ணமும் இருந்தது. நீராவி எஞ்சின் வைக்கப் பெரிய முதலாளியால்தான் முடியும். சின்னப் பட்டறைக்காரன் என்ன செய்வான்? அவனுக்கும் கட்டுப்படியாகிற எஞ்சின் ஒன்று வேண்டும் என்று நினைத்தார். டிப்ளமோ முடித்துச் சொந்தமாகப் பட்டறை வைக்க நினைக்கும் நமக்கு இந்த ஆசை நன்றாகவே புரியும்.

லிண்டேயின் கம்பெனியில் வேலை பார்த்தபடியே அம்மோனியா எஞ்சின் செய்து பார்த்தார். அது வெடித்து மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஆனாலும் விடவில்லை. காற்றை மட்டும் சிலிண்டரில் இழுத்து நெருக்கு நெருக்கென்று நெருக்கினால் அது பழுக்கச் சூடேறும். அந்தச் சூட்டில் எரிபொருளைச் செலுத்தினால் தானே பற்றிக்கொள்ளும், ஸ்பார்க் பிளக் எதற்கு? 1892-ல் பேடன்ட்டுக்கு மனுப் போட்டார். காகிதத்தில் அவர் போட்ட கணக்கு 250 அட்மாஸ்ஃபியர். அதைத் தாங்கும் சிலிண்டருக்கு எங்கே போவது! நடைமுறையில் 30-க்குச் சற்று மேல் என்று இறங்கி வந்தார்.

ஆக்ஸ்பர்க் தொழிற்சாலையில் 3 மீட்டர் உயர எஞ்சின் எழும்பியது. 1893 ஆகஸ்ட் 10-ல் முதல் சோதனை. எரிபொருள் பற்றியதுமே அழுத்தம் காட்டும் கருவி வெடித்துச் சிதறியது. எஞ்சின் ஓடவில்லை. ஆனால் பற்றிக்கொள்ளும் என்பது நிரூபணம் ஆயிற்று. 1894 பிப்ரவரி 17-ல் நிமிடத்துக்கு 88 சுற்று வேகத்தில் ஒரே ஒரு நிமிடம் ஓடியது. அதற்கப்புறம் மூன்று வருஷம் கழற்றிக் கழற்றி மாட்டினார்கள். 1897 பிப்ரவரி 17-ல் பேராசிரியர் ஷ்ரோட்டர் அளந்து பார்த்தார். 154 சுற்றில் சுமார் 18 குதிரைத்திறன், வெப்பத்திறன் 26.2 சதவீதம். அன்றைக்கு உலகத்தில் வேறெந்த எஞ்சினும் அந்த அளவை எட்டவில்லை.

இனி கடலெண்ணெய்க் கதை. ஆகஸ்ட் 10 உயிரி எரிபொருள் நாள் வந்தாலே, 1893-ல் டீசல் கடலெண்ணெயில் எஞ்சின் ஓட்டினார் என்று எழுதுகிறார்கள். எனக்கு அது ஒப்பாது. அது நடந்தது 1900-ல், பாரிஸ் பொருட்காட்சியில். ஓட்டியதும் டீசல் அல்ல, ஓட்டோ கம்பெனி. ஆப்பிரிக்கக் குடியேற்ற நாடுகளில் விளையும் கடலையிலிருந்தே அங்கே சக்தி எடுக்கலாமே என்று பிரெஞ்சு அரசு கேட்டுக்கொண்டதால் நடந்த காரியம். எஞ்சினில் எதையும் மாற்றாமல் அமைதியாக ஓடியதாம். டீசலும் பிறகு சோதித்துப் பார்த்தார். தாவர எண்ணெய் ஒருநாள் பெட்ரோலியம், நிலக்கரித் தார் அளவுக்கு முக்கியமாகலாம் என்று 1912-ல் கருத்துச் சொன்னார்.

அப்படியென்றால் பஜ்ஜி சுட்ட எண்ணெயை நம்ம டீசல் காரில் ஊற்றலாமா என்று ஜூனியர்கள் கேட்பதுண்டு. சும்மா ஊற்றினால் நாசில் போச்சு. தாவர எண்ணெய் டீசலைவிடச் சுமார் பத்து மடங்கு கெட்டி. பூந்தூறலாகப் பிரியாது, பாதி எரிந்து கரி கட்டும், பிஸ்டன் ரிங் ஒட்டிக்கொள்ளும். வடிகட்டி, தண்ணீரைப் போக்கி, எஞ்சினின் சுடுதண்ணீராலேயே சூடாக்கி விட வேண்டும். ஸ்டார்ட் செய்வது டீசலில், சூடானதும் எண்ணெய்க்கு மாற்றி, நிறுத்துமுன் மறுபடி டீசல் விட்டுக் குழாயைக் கழுவ வேண்டும். இரண்டு டேங்க் வைப்பது அதற்குத்தான். பழைய ப்ரீ-சேம்பர் எஞ்சின் இதைப் பொறுத்துக்கொள்ளும், காமன் ரெயில் பொறுக்காது. மெத்தனாலும் காஸ்டிக்கும் சேர்த்து கிளிசரினைப் பிரித்து பயோடீசலாக்கி ஊற்றுவதே உத்தமம்.

டீசலுக்கு வருவோம். உரிமைகளை விற்றுக் கோடீசுவரர் ஆனார், மியூனிக்கில் மாளிகை கட்டினார். பேடன்ட் வழக்குகளும், தீராத தலைவலியும், நிலத்திலும் எண்ணெய்க் கிணற்றிலும் போட்டு இழந்த பணமுமாகக் கடைசியில் கடன்தான் மிஞ்சியது.

1913 செப்டம்பர் 29 இரவு, ஆன்ட்வெர்ப்பிலிருந்து இங்கிலாந்துக்கு டிரெஸ்டன் என்ற கப்பலில் புறப்பட்டார். சாப்பிட்டுவிட்டு, காலை 6.15-க்கு எழுப்பச் சொல்லி அறைக்குப் போனார். காலையில் படுக்கை கலையாமல் இருந்தது. மேல்தளத்தில் தொப்பியும் ஓவர்கோட்டும் மட்டும் கிடந்தன. உளவாளிகள் வேலை, எண்ணெய் முதலாளிகள் வேலை என்று எத்தனையோ வதந்தி. புறப்படுமுன் மனைவி மார்த்தாவிடம் ஒரு பையைக் கொடுத்து ஒரு வாரம் கழித்துத் திறக்கச் சொல்லியிருந்தார். உள்ளே ரொக்கமும், வங்கிக் கணக்குகள் காலி என்று காட்டும் காகிதங்களும் இருந்தன. வதந்திகளைவிட அந்தப் பையைத்தான் நான் நம்புகிறேன்.

சில நாள் கழித்து ஒரு டச்சுப் படகுக்காரர்கள் கடலில் மிதந்த உடலைக் கண்டார்கள். பையிலிருந்த மாத்திரை டப்பி, பேனாக்கத்தி, கண்ணாடிக்கூடு இவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு உடலைக் கடலிலேயே விட்டுவிட்டார்கள். அவை தன் அப்பாவுடையவைதான் என்று மகன் ஆய்கன் அடையாளம் காட்டினார்.