3 தீபாவளி ஓடிய 'ஹரிதாஸ்'... ஜெயிலில் இருந்த ஹீரோ! எம்.கே.தியாகராஜ பாகவதருக்கு என்ன நடந்தது?

1944 தீபாவளிக்கு சென்னை பிராட்வே தியேட்டரில் ரிலீஸானது 'ஹரிதாஸ்'. 1945 தீபாவளிக்கும் அங்கே அதே படம்தான். 1946 தீபாவளிக்கும் அதேதான்! ஆனா, கடைசி ரெண்டு தீபாவளிக்கும் அந்தப் படத்தோட ஹீரோ ஜெயிலுக்குள்ள இருந்தார்.

அவர்தான் எம்.கே.டி. என்கிற எம்.கே.தியாகராஜ பாகவதர். தமிழ் சினிமாவின் முதல் சூப்பர் ஸ்டார்.

1910-ல் மாயவரத்தில், நகை செய்யும் குடும்பத்தில் பிறந்தவர். வளர்ந்தது திருச்சியில். படிப்பில் மனசு போகல, பாட்டுதான் எல்லாமே. சின்ன வயசிலேயே நாடக மேடை ஏறினார். 1934-ல் முதல் படம் 'பவளக்கொடி'. 1937-ல் வந்த 'சிந்தாமணி' எப்படி ஓடியது தெரியுமா? அதில் கிடைத்த லாபத்தில் மதுரையில் அதே பெயரில் ஒரு தியேட்டரே கட்டினார்கள். அவர் தலைமுடியைப் பார்த்து ஊரெல்லாம் 'பாகவதர் கிராப்' வைத்துக்கொண்டது.

இவ்வளவு உயரத்தில் இருந்தவருக்கு என்ன பயம்? ஒரு பத்திரிகை மேல பயம்.

லட்சுமிகாந்தன் என்பவர் நடத்திய 'சினிமா தூது', நடிகர் நடிகைகளின் அந்தரங்கத்தை கிசுகிசுவாக எழுதியது. எழுதாமல் இருக்க பணம் கொடுத்தவர்களும் உண்டு. வெளியே திட்டினாலும், ஜனங்கள் அதை வாங்கிப் படிக்காமல் இல்லை. திருநீலகண்டர், சிவகவி என்று பக்திப் படங்களில் பார்த்து ரசிகர்கள் கையெடுத்துக் கும்பிட்ட ஆள் எம்.கே.டி. அப்படிப்பட்டவருக்கு ஒரு கிசுகிசு போதும், பேரு போயிடும்.

எம்.கே.டி., கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன், டைரக்டர் ஸ்ரீராமுலு நாயுடு மூணு பேரும் சென்னை மாகாண கவர்னரிடம் மனு கொடுத்தார்கள். பத்திரிகையின் லைசென்ஸ் ரத்தானது. லட்சுமிகாந்தன் விடவில்லை. 'இந்து நேசன்' என்ற வேறு பத்திரிகையில் மறுபடியும் ஆரம்பித்தார்.

1944 நவம்பர் 8. 'ஹரிதாஸ்' ரிலீஸாகி ஒரு மாசம்கூட ஆகல. சென்னையில் ரிக்‌ஷாவில் போய்க்கொண்டிருந்த லட்சுமிகாந்தனை வழிமறித்துக் கத்தியால் குத்தினார்கள். மறுநாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். டிசம்பரில் எம்.கே.டி.யும் என்.எஸ்.கே.யும் கைதானார்கள். பத்திரிகையை மூட மனு போட்டது, இப்போது கொலைக்கான காரணமாகப் பேசப்பட்டது.

1945-ல் ஜூரி விசாரணை முடிந்தது. ஸ்ரீராமுலு நாயுடு விடுதலை, மற்ற ரெண்டு பேருக்கும் ஆயுள் தண்டனை. ஹைகோர்ட்டிலும் அப்பீல் தள்ளுபடி. கடைசியில் வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போனது. அங்கிருந்து மறுபடியும் ஹைகோர்ட்டுக்கே வந்து, 1947 ஏப்ரலில் ரெண்டு பேரும் குற்றமற்றவர்கள் என்று விடுதலையானார்கள். அப்போ லட்சுமிகாந்தனைக் கொன்றது யார்? இன்றுவரை விடை இல்லை.

என்.எஸ்.கே. வெளியே வந்ததும் 'நல்லதம்பி', 'மணமகள்' என்று பழைய வேகத்தில் இறங்கிவிட்டார். எம்.கே.டி.யால் முடியல. சொந்தமாக எடுத்த 'ராஜமுக்தி' 1948-ல் வந்து படுத்தது. ஜெயில்தான் அவரைக் கவிழ்த்தது என்று சொல்வது வழக்கம். அது பாதி உண்மைதான். ஜனங்களின் ரசனையும் மாறிவிட்டது. 'பவளக்கொடி'யில் சுமார் 50 பாட்டு. ஆனா, 1952-ல் எம்.கே.டி.யின் 'அமரகவி' வந்த அதே வருஷம்தான் 'பராசக்தி'யும் வந்தது. வசனத்துக்காக தியேட்டரில் கைதட்டிய கூட்டம் அது. பாட்டை மட்டும் நம்பி வந்தவர் அங்கே என்ன செய்வார்?

அதற்கு முன்னாடி நடித்த 9 படங்களில் சேர்த்த புகழை, பின்னாடி வந்த 5 படங்களில் ஒன்றுகூட மீட்டுத் தரவில்லை. 1957-ல் 'புதுவாழ்வு' என்று பெயர் வைத்து, தானே டைரக்ட் செய்து பார்த்தார். அதுவும் ஓடல. சர்க்கரை நோய் வேறு உடம்பைத் தின்றுகொண்டிருந்தது.

1959 நவம்பர் 1-ம் தேதி சென்னையில் இறந்தபோது அவருக்கு வயசு 49. அவர் நடித்து முடித்த கடைசிப் படம் 'சிவகாமி', அடுத்த வருஷம்தான் தியேட்டருக்கு வந்தது.