பாரம் தாங்கிய நாராயண பிள்ளை



சிங்கப்பூரின் சைனாடவுன் பகுதிக்குச் செல்வோர், சீனக் கடைவீதிகளின் நடுவே வானளாவ நிற்கும் தமிழ்க் கோபுரம் ஒன்றைக் கண்டு வியப்படைவர். சௌத் பிரிட்ஜ் சாலையில் உள்ள ஸ்ரீ மாரியம்மன் ஆலயமே அது. அதன் இரு பக்கத்திலும் உள்ள தெருக்களுக்கு பகோடா தெரு, டெம்பிள் தெரு என்னும் பெயர்கள் அமைந்தமைக்கும் இவ்வாலயமே காரணம். இதனைத் தோற்றுவித்த நாராயண பிள்ளை அவர்களின் வாழ்க்கையை இங்குச் சுருக்கமாகக் காண்போம்.

பிள்ளையவர்கள் முதலில் பினாங்கில் வாழ்ந்தவர். 1819-ஆம் ஆண்டு மே மாதம், ராபிள்ஸ் இரண்டாம் முறையாகச் சிங்கப்பூருக்கு வந்தபொழுது, அதே கப்பலில் இவரும் வந்து சேர்ந்தார். அரசாங்கக் கருவூலத்தில் நாணயங்களைச் சோதிக்கும் பணி முதலில் இவருக்குக் கிடைத்தது. ஆனால் அப்பணி நெடுநாள் நீடிக்கவில்லை. பிழைப்பை இழந்தவர் ஊர் திரும்பிவிடவில்லை; தம்மைச் சுற்றி நோக்கினார். புதிய ஊரில் வீடு கட்டுவோர் பலர், செங்கல்லோ அரிது. எனவே தஞ்சோங் பகார்ப் பகுதியில் செங்கற்சூளை ஒன்றை அமைத்தார். பினாங்கிலிருந்து கொத்தனார்களையும் தச்சர்களையும் வரவழைத்தார். சிங்கப்பூரின் முதல் இந்தியக் கட்டட ஒப்பந்தக்காரர் என்னும் பெருமையும் இவரைச் சேர்ந்தது.

கட்டடத் தொழிலில் ஈடுபடுவோர் மறவாதிருக்க வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. அதனை நாமும் கற்றுக்கொள்வோம். இரண்டு சுவர்களின்மேல் ஓர் உத்திரம் கிடக்கிறது. அதன் நீளம் 4 மீட்டர். இடப்பக்கச் சுவரிலிருந்து 1 மீட்டர் தூரத்தில் 80 கிலோ எடையுள்ள மூட்டை ஒன்றை அதன்மேல் வைக்கிறோம். ஒவ்வொரு சுவரும் எவ்வளவு பாரம் தாங்கும்? ஆளுக்குப் பாதி என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடக் கூடாது.

இடச்சுவரை மையமாகக் கொள்வோம். மூட்டை உத்திரத்தைக் கீழ்நோக்கித் திருப்ப முயல்கிறது. எடையைத் தூரத்தால் பெருக்கினால், 80 × 1 = 80. இதற்குத் திருப்புத்திறன் என்று பெயர். 4 மீட்டர் தொலைவில் உள்ள வலச்சுவர், உத்திரத்தை மேல்நோக்கித் தாங்கி இதனை ஈடுசெய்ய வேண்டும். ஆகவே 80-ஐ 4-ஆல் வகுக்க, வலச்சுவர் தாங்குவது 20 கிலோ. மொத்தம் 80 அல்லவா? மீதி 60 கிலோவை இடச்சுவர் தாங்குகிறது. உத்திரத்தின் சொந்த எடை 40 கிலோ எனில், அது சீராக இருப்பதால் பக்கத்திற்கு 20 வீதம் கூடும். முடிவில் இடச்சுவருக்கு 80, வலச்சுவருக்கு 40, கூட்டினால் 120. மேலிருந்து அழுத்தும் எடையும், கீழிருந்து தாங்கும் எதிர்விசையும் சமமாகிவிட்டன. இதுவே கட்டடத்தின் நிலைபேறு.

நெம்புகோலைப் பற்றிய இவ்வுண்மையை, ஏறத்தாழ 2,200 ஆண்டுகளுக்கு முன்பே ஆர்க்கிமிடீஸ் என்னும் கிரேக்க அறிஞர் நிறுவினார். பிள்ளையவர்கள் இக்கணக்கைத் தாளில் எழுதிப் பார்த்தார் என்று நாம் கூறவில்லை. பாரம் எங்கே மிகுதியோ அங்கே சுவரும் தூணும் வலுவாக இருக்க வேண்டும் என்பதைக் கட்டடத் தொழிலாளர் கைப்பழக்கத்தால் அறிந்திருந்தனர். நீங்களும் அறியலாம். கம்பு ஒன்றில் தண்ணீர் வாளியை மாட்டி, இருவர் தோளில் சுமந்து பாருங்கள். வாளி யார் பக்கம் நகர்கிறதோ, அவர் தோள்தான் வலிக்கும்.

பிள்ளையவர்களின் வாழ்விலும் பாரம் ஒரு பக்கமாக வந்து அழுத்திய காலம் உண்டு. செங்கல் வணிகத்தோடு கிராஸ் தெருவில் துணிக்கடை ஒன்றையும் அவர் நடத்தினார். ஐரோப்பிய வணிகரிடம் கடனாகச் சரக்கு வாங்கி விற்றுவந்தார். 1822-இல் அக்கடை தீக்கிரையாயிற்று. சரக்கு சாம்பலாயிற்று, கடன் மட்டும் எரியாமல் நின்றது. அவ்வாண்டு சிங்கப்பூருக்குத் திரும்பிவந்த ராபிள்ஸிடம் தம் நிலையை எடுத்துரைத்து உதவி வேண்டினார். கமர்ஷியல் சதுக்கத்தில் கடை அமைக்க அவருக்கு நிலம் கிடைத்தது. அந்த ஒரு தாங்கலைப் பற்றிக்கொண்டு, தம் உழைப்பால் மீண்டும் நிமிர்ந்தார்.

தாம் நிமிர்ந்ததோடு அவர் நின்றுவிடவில்லை. இந்துக்கள் வழிபட ஓர் ஆலயம் வேண்டுமென விரும்பினார். தெலுக் ஆயர் தெருவில் முதலில் ஒதுக்கிய இடத்தில் பூசைக்கு நன்னீர் இல்லை. 1821-இல் ஸ்டாம்ஃபோர்டு கால்வாய் அருகே கிடைத்த இடமோ நகரத் திட்டத்திற்குப் பொருந்தவில்லை. 1823-இல் சௌத் பிரிட்ஜ் சாலையில் இடம் வாய்த்தது. 1827-இல் மரமும் அத்தாப்பும் கொண்ட எளிய ஆலயம் எழுந்தது. அதில் சின்ன அம்மன் என்னும் சிறிய திருவுருவத்தை அவர் நிறுவினார். பின்னர் அது செங்கற் கட்டடமாக வளர்ந்தது. இன்றுள்ள கட்டடத்தின் மிகப் பழைய பகுதிகள் 1843-ஐ ஒட்டியவை எனக் கருதப்படுகின்றன. 1973-இல் இவ்வாலயம் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது.

சோழமண்டலக் கரையிலிருந்து வந்தோரின் தலைவராகப் பிள்ளையவர்களை அரசாங்கம் நியமித்தது. அவர்களிடையே எழும் வழக்குகளைத் தீர்த்துவைக்கும் பொறுப்பும் அவருடையதாயிற்று. கப்பலிலிருந்து இறங்கிய ஏழைத் தொழிலாளிக்கு அந்நிய மண்ணில் சாய்ந்துகொள்ள ஓர் இடம் இருந்தது என்றால், அதில் இவருக்குப் பெரும் பங்குண்டு.

மாணவர்களே! பாரம் ஒருபோதும் மறைந்துவிடாது. யாராவது ஒருவர் அதனைத் தாங்கியே ஆகவேண்டும். அருகில் நிற்பவர் மிகுதியாகத் தாங்குவார். தொலைவில் நிற்பவர் குறைவாகத் தாங்கினாலும், அவரும் விலகிவிட்டால் உத்திரம் விழுந்துவிடும். வீட்டிலே தாய் தந்தையர் தாங்கும் பாரத்தையும், தோட்டத்திலே நம் பெரியோர் தாங்கும் பாரத்தையும் எண்ணிப் பாருங்கள். உங்களால் இயன்ற இருபது கிலோவைத் தாங்க இன்றே தோள் கொடுங்கள். அதுவே நாராயண பிள்ளை அவர்களுக்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.