ஐடா வெல்ஸ்: புகையிரதத்திலிருந்து இறக்கப்பட்ட ஆசிரியையும் கைதட்டிய பயணிகளும்

அமெரிக்காவின் தென்பகுதியில் உள்ள மெம்பிஸ் நகரத்துக்குச் சற்றுத் தள்ளி வூட்ஸ்டொக் என்றொரு ஊர். ஐடா பி. வெல்ஸ் என்ற கறுப்பினப் பெண் அங்கே ஆசிரியையாக இருந்தார். புகையிரதத்தில்தான் போய்வருவார். 1880களின் முற்பகுதியில் ஒருநாள், 21 வயதில், வழமைபோலப் பயணச்சீட்டு வாங்கிப் பெண்களுக்கான பெட்டியில் ஏறி உட்கார்ந்தார். பயணச்சீட்டை வாங்கிப் பார்த்த பரிசோதகர் அதைத் திருப்பிக் கொடுத்து, இந்தப் பெட்டியில் அதை ஏற்கமுடியாது என்றார். வேண்டாம் என்றால் விடட்டும் என்று ஐடா தொடர்ந்து வாசித்துக்கொண்டிருந்தார்.

மற்றவர்களின் சீட்டுகளைப் பார்த்து முடித்துவிட்டுப் பரிசோதகர் திரும்பி வந்தார். முன்னால் உள்ள பெட்டிக்குப் போகும்படி சொன்னார். அது புகைபிடிப்பவர்களின் பெட்டி. தான் பெண், இது பெண்களுக்கான பெட்டி, இங்கேயே இருப்பேன் என்றார் ஐடா. அவர் கையைப் பிடித்து இழுத்தார். ஐடா அந்தக் கையைக் கடித்தார். முன் இருக்கையில் கால்களை ஊன்றிக்கொண்டு அசைய மறுத்தார். பரிசோதகர் போய் இன்னும் இருவரைக் கூட்டிவந்தார். மூவருமாகச் சேர்ந்து அந்த ஒரு பெண்ணை இழுத்து வெளியேற்றினார்கள்.

இந்தச் சம்பவம் பல இடங்களில் எழுதப்பட்டிருக்கிறது. என் மனதில் நின்றது அதில் பலரும் கடந்துபோகும் ஒரு விடயம். அந்தப் பெட்டியில் வேறு பயணிகளும் இருந்தார்கள். படித்த, நல்ல உடை உடுத்த, பண்பானவர்கள் என்று பெயரெடுத்த வெள்ளையர்கள். அவர்களில் சிலர் நன்றாகப் பார்ப்பதற்காக இருக்கைகளின் மேல் ஏறி நின்றார்கள். பரிசோதகரைப் பாராட்டிக் கைதட்டினார்கள். புகைப்பெட்டிக்குப் போவதைவிட இறங்குவதே மேல் என்று ஐடா அடுத்த நிலையத்தில் இறங்கினார். சட்டையின் கை கிழிந்திருந்தது. பயணச்சீட்டு மட்டும் கையில் பத்திரமாக இருந்தது.

காசு கொடுத்து வாங்கிய சீட்டு ஓர் உரிமை. ஆனால் அந்த உரிமை செல்லுபடியாகுமா என்பதை பரிசோதகர் மட்டும் தீர்மானிப்பதில்லை. சுற்றி இருப்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதும் அதைத் தீர்மானிக்கிறது. ஐடாவின் பிற்கால வாழ்க்கை முழுவதும் இந்தப் பார்த்துக்கொண்டிருப்பவர்களுடனான போராட்டமாகவே எனக்குத் தெரிகிறது.

அவர் 1862 ஜூலை 16 அன்று மிசிசிப்பி மாநிலத்தின் ஹொலி ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில், அடிமைகளாக இருந்த பெற்றோருக்குப் பிறந்தார். தகப்பன் தச்சர். 1878இல் பரவிய மஞ்சள் காய்ச்சல் தாய், தகப்பன், கைக்குழந்தையாக இருந்த தம்பி மூவரையும் கொண்டுபோனது. சகோதரங்களைப் பிரித்து வெவ்வேறு வீடுகளில் விட உறவினரும் அயலவரும் யோசித்தார்கள். 16 வயது ஐடா அதற்குச் சம்மதிக்கவில்லை. வயதைக் கூட்டிச் சொல்லி ஆசிரியை வேலை தேடிக்கொண்டு அந்தக் குடும்பத்தைத் தாங்கினார். போரில் பெற்றோரை இழந்து தம்பி தங்கைகளை வளர்த்த அக்காமார் பலரை எங்கள் ஊர்களில் நான் சந்தித்திருக்கிறேன். ஐடாவின் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று அவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

இறக்கிவிட்ட புகையிரத நிறுவனத்தின் மீது ஐடா வழக்குப் போட்டார். முதலில் அமர்த்திய சட்டத்தரணியை நிறுவனம் விலைக்கு வாங்கிவிட்டதாகப் பின்னர் அவர் எழுதினார். வேறொருவரை அமர்த்தி வழக்கை நடத்தினார். 1884 டிசெம்பரில் அவருக்கு 500 டொலர் நட்டஈடு வழங்கத் தீர்ப்பானது. நிறுவனம் மேன்முறையீடு செய்தது. 1887இல் டெனசி மாநில உயர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைப் புரட்டிப்போட்டது. ஐடா வசதியான இருக்கைக்காக நல்லெண்ணத்துடன் வாதாடவில்லை, வழக்குப் போடுவதற்காகவே நிறுவனத்தைத் தொந்தரவு செய்தார் என்பது நீதிபதிகளின் கருத்து. வழக்குச் செலவையும் அவரே கட்ட நேர்ந்தது.

தோல்வி பணத்தில் மட்டுமல்ல. சட்டம் தன் மக்களின் பக்கம் நிற்கும் என்று நம்பியிருந்ததையும், அது பொய்த்ததையும் அவர் நாட்குறிப்பில் வேதனையோடு எழுதினார். ஆனால் அதற்குள் அவருக்கு இன்னொரு வழி திறந்திருந்தது. இந்த வழக்கைப் பற்றி ஒரு தேவாலயப் பத்திரிகையில் எழுதத் தொடங்கியவர், 1889இல் மெம்பிஸின் ஃப்ரீ ஸ்பீச் பத்திரிகையின் பங்காளியாகவும் ஆசிரியராகவும் ஆனார்.

1892 மார்ச் 9 அன்று மெம்பிஸில் மூன்று கறுப்பின இளைஞர்கள் சிறையிலிருந்து வெளியே இழுக்கப்பட்டுச் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். தொமஸ் மொஸ், கெல்வின் மெக்டவல், வில் ஸ்டூவர்ட் என்பன அவர்களின் பெயர்கள். அவர்களின் பலசரக்குக் கடை, அருகிலிருந்த வெள்ளையரின் கடைக்குப் போட்டியாக வளர்ந்திருந்தது. மொஸ் ஐடாவின் நெருங்கிய நண்பர். அவருடைய மகளுக்கு ஐடா ஞானத்தாய். கொலைக்கு யாரும் தண்டிக்கப்படவில்லை.

பாதுகாப்புத் தராத நகரத்தை விட்டுப் போகும்படி ஐடா எழுதினார். ஆயிரக்கணக்கானோர் வெளியேறினார்கள். எஞ்சியிருந்தவர்கள் நகரத்து ட்ராம் வண்டிகளில் ஏறுவதை நிறுத்தினார்கள். வருமானம் விழுந்ததும் ட்ராம் நிறுவனத்தின் அதிகாரிகள் இருவர் பத்திரிகை அலுவலகத்துக்கே வந்தார்கள். மக்கள் மின்சாரத்துக்குப் பயப்படுகிறார்களோ என்று அவர்கள் கேட்டதை ஐடா அப்படியே செய்தியாக்கி, புறக்கணிப்பைத் தொடரும்படி எழுதினார். ஒரு காலத்தில் சீட்டோடு இருந்தவரைப் புகையிரதம் இறக்கிவிட்டது. இப்போது சீட்டு வாங்க வருமாறு அவர்களிடம் நிறுவனம் மன்றாடியது.

அதே ஆண்டு மே மாதம், கும்பல் கொலைகளுக்குச் சொல்லப்படும் காரணங்கள் பொய் என்று ஆசிரியர் தலையங்கம் எழுதினார். 27ஆம் திகதி ஒரு கும்பல் ஃப்ரீ ஸ்பீச் அலுவலகத்தை அடித்து நொறுக்கியது. ஐடா அப்போது ஊரில் இல்லை. திரும்பினால் கொல்வோம் என்ற செய்திதான் அவரைத் தேடிவந்தது. 1981இல் யாழ்ப்பாணத்தில் நூலகத்தோடு ஈழநாடு பத்திரிகை அலுவலகமும் எரிக்கப்பட்டதை அறிந்த வாசகருக்கு இதன் பொருள் தெரியும்.

ஊடகக் கற்கை மாணவர்கள் அவரிடம் படிக்கவேண்டிய பாடம் இதன் பிறகுதான் வருகிறது. நியூயோர்க்கிலும் பின்னர் சிக்காகோவிலும் இருந்துகொண்டு அவர் கொலைகளைத் தொகுத்தார். 1895இல் வெளியான த ரெட் ரெக்கோர்ட் நூலில் கொல்லப்பட்டவர்களின் பெயர், திகதி, இடம், சுமத்தப்பட்ட குற்றம் என வரிசையாகப் பதிந்தார். புள்ளிவிபரங்களை வெள்ளையர் நடத்திய பத்திரிகையிலிருந்தே எடுத்தார். மிகைப்படுத்துகிறார் என்று யாரும் சொல்லிவிடக்கூடாது என்பதற்காக. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மாரும் இதையேதான் செய்கிறார்கள். பெயர், திகதி, இடம், முறைப்பாட்டுப் பிரதி என்று கோப்புகளில் அடுக்கி, பொலித்தீன் பையில் சுற்றி வைத்திருக்கிறார்கள்.

1893இலும் 1894இலும் பிரித்தானியாவுக்குப் போய் மண்டபம் மண்டபமாகப் பேசினார். உள்நாட்டில் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அசையாதபோது, தொலைவில் இருப்பவர்களை அசைக்க முயன்றார். நாட்டுக்கு அபகீர்த்தி தேடுகிறார் என்ற வசை வந்தது. லண்டனில் கும்பல் கொலைகளுக்கு எதிரான குழு ஒன்றும் உருவானது.

1913 மார்ச் 3 அன்று, பெண்களின் வாக்குரிமைக்காக வோஷிங்டனில் பேரணி நடந்தது. கறுப்பினப் பெண்கள் கடைசியில் நடக்கவேண்டும் என்று ஐடாவுக்குச் சொல்லப்பட்டது. மறுபடியும் அதே கட்டளை: வேறு பெட்டிக்குப் போ. அவர் வாதாடிவிட்டுக் காணாமல் போனார். பேரணி போகும்போது, வீதியோரத்தில் நின்ற கூட்டத்துக்குள்ளிருந்து வெளிவந்து தனது இலினோய் மாநில அணியில் சேர்ந்துகொண்டார். பெல் ஸ்குவையர், வேர்ஜினியா புரூக்ஸ் என்ற இரண்டு வெள்ளையினப் பெண்கள் அவருக்கு இரு பக்கமும் நடந்தார்கள். இந்தமுறை அவரை யாராலும் இறக்க முடியவில்லை. அன்று புகையிரதத்தில் இப்படி இருவர் எழுந்து வந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நான் யோசித்துப் பார்ப்பதுண்டு.

1931 மார்ச் 25 அன்று சிக்காகோவில் ஐடா காலமானார். அவருடைய சுயசரிதை மகளின் முயற்சியால் 1970இல்தான் அச்சேறியது. 2020இல் புலிட்சர் சிறப்பு விருது வழங்கப்பட்டது. கும்பல் கொலையைத் தனிக் குற்றமாக்கும் கூட்டாட்சிச் சட்டம் 2022இல் நிறைவேறியது. அவர் மறைந்து 91 ஆண்டுகளின் பின்.

இவ்வளவு தாமதமாக வந்த நீதியை நீதி என்று சொல்லலாமா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அவர் எழுதிவைத்த பெயர்கள் இல்லாவிட்டால் அதுவும் வந்திருக்காது. கைதட்டியவர்களின் பெயரை இன்று எவரும் அறியார். பக்கத்தில் வந்து நடந்த இருவரின் பெயரும் வரலாற்றில் இருக்கிறது.