நினைவு ஓரிடம், கணக்கு ஓரிடம்: வகுத்துக் கொடுத்த மேதை

ஹங்கேரி நாட்டின் தலைநகரம் புடாபெஸ்ட். 1903-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 28-ந் தேதி, அந்த நகரில் ஒரு பாங்கி அதிகாரியின் வீட்டில் ஆண் குழந்தை பிறந்தது. அந்தக் குழந்தைதான் பிற்காலத்தில் கம்ப்யூட்டர் உலகின் தந்தையரில் ஒருவர் என்று புகழ் பெற்ற ஜான் வான் நியூமன்.

சின்ன வயதிலேயே அவருடைய ஞாபகசக்தி எல்லோரையும் வியக்க வைத்தது. டெலிபோன் புத்தகத்தில் ஒரு பக்கத்தைப் பார்த்துவிட்டு, பெயர், விலாசம், எண் எல்லாவற்றையும் கடகடவென்று ஒப்பிப்பாராம். எட்டு இலக்க எண்களை மனக்கணக்காகவே வகுப்பாராம்.

கணக்குப் படித்தால் பிழைப்பு நடக்குமா என்று தந்தை கவலைப்பட்டார். தந்தை சொல்லைத் தட்டாமல் ஜூரிச் நகரில் ரசாயன என்ஜினீயரிங் படித்தார் மகன். தன் ஆசையையும் விடாமல் புடாபெஸ்டில் கணிதத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார். இரண்டும் 1926-ல் கிடைத்தன. அப்போது அவருக்கு வயது 22. 1930-ல் அமெரிக்காவுக்குப் போனார். 1933-ல் பிரின்ஸ்டன் நகரின் உயர் ஆராய்ச்சிக் கழகத்தில் ஐன்ஸ்டீனைப் போல அவரும் பேராசிரியர் ஆனார்.

ரெயில் நிலையத்தில் ஒரு சந்திப்பு

இரண்டாம் உலகப்போர் மூண்டது. அணுகுண்டு வேலையில் வான் நியூமனும் சேர்ந்தார். அதற்கு வேண்டிய கணக்குகளோ மலை போல் குவிந்தன. மனிதர் உட்கார்ந்து போட்டு முடிக்கிற கணக்கா அவை?

1944-ம் ஆண்டு கோடைக்காலம். அபர்டீன் ரெயில் நிலையத்தில் வான் நியூமன் வண்டிக்காகக் காத்திருந்தார். ராணுவ அதிகாரியும் கணித நிபுணருமான ஹெர்மன் கோல்ட்ஸ்டைன் அவரை அடையாளம் கண்டு பேச்சுக் கொடுத்தார். பிலடெல்பியாவில் மின்னணுக் கணக்கு யந்திரம் ஒன்று உருவாகி வருவதாகச் சொன்னார். வினாடிக்கு 300-க்கு மேற்பட்ட பெருக்கல் போடும் என்றார். அவ்வளவுதான்! வான் நியூமன் கேள்வி மேல் கேள்வியாகத் தொடுத்தார்.

எக்கெர்ட், மாக்லி என்ற இருவர் அமைத்த அந்த யந்திரம்தான் எனியாக். சுமார் 18,000 வால்வுகள்; எடை 30 டன். அதில் ஒரு குறை இருந்தது. புதுக் கணக்குப் போடவேண்டுமானால், ஒயர்களைப் பிடுங்கி மாற்றிச் சொருக வேண்டும். அதற்கே நாட்கணக்கில் ஆகும்.

ஒரே வழி

அடுத்த யந்திரத்துக்கான திட்டத்தை வான் நியூமன் 1945 ஜூனில் 101 பக்க அறிக்கையாக வடித்தார். எண்களோடு, என்ன செய்யவேண்டும் என்ற கட்டளைகளையும் நினைவகத்திலேயே வைத்துவிடுவது என்பதுதான் அந்தத் திட்டம்.

கல்யாண வீட்டில் உக்கிராண அறை ஒருபுறம், அடுப்பு ஒருபுறம் இருக்குமல்லவா? அதுபோல நினைவகம் ஓரிடம், கணக்குப் போடும் பகுதி ஓரிடம். நடுவே வழி ஒன்றுதான். ஒரு நேரத்தில் ஒரு வேலைதான். வால்வுகள் அடிக்கடி பழுதான காலம் அது. உறுப்புகள் குறைவாக இருந்தால்தான் யந்திரம் ஓடும் என்று தெரிந்தேதான் அவர் அப்படி வகுத்தார்.

அறிக்கையில் அவர் பெயர் மட்டுமே இருந்தது. கூடிப் பேசி உருவாக்கிய யோசனைகள் ஆயிற்றே என்று எக்கெர்ட்டும் மாக்லியும் மனம் கசந்தார்கள். அறிக்கை பல கைகளுக்குப் போய்விட்டதால், அந்த யோசனைகளுக்கு அவர்கள் காப்புரிமை பெறவும் வழியில்லாமல் போயிற்று. ஆனால் அதே காரணத்தால், யார் வேண்டுமானாலும் அந்த முறையில் யந்திரம் கட்டலாம் என்ற நிலையும் வந்தது. பிரின்ஸ்டனில் வான் நியூமன் கட்டிய யந்திரம் 1952-ல் தயாரானது. அதன் நினைவகத்தில் 1,024 எண்களுக்குத்தான் இடம்!

கடைசி நாட்கள்

1955-ல் அவரைப் புற்றுநோய் பற்றியது. யேல் பல்கலைக்கழகத்தில் சொற்பொழிவு ஆற்ற அழைப்பு வந்திருந்தது. கம்ப்யூட்டரும் மனித மூளையும் என்பது பொருள். உடம்பு இடம் கொடுக்கவில்லை. ஆஸ்பத்திரிக்கும் கையெழுத்துப் பிரதியைக் கொண்டு போனார். மூளையின் நரம்பணு, யந்திரத்தின் உறுப்பைவிட மிக மெதுவானது. ஆனால் கோடிக்கணக்கான அணுக்கள் ஒரே நேரத்தில் வேலை செய்கின்றன என்று அதில் ஆராய்ந்தார். தாம் வகுத்த யந்திரம் போல மூளை அமைந்திருக்கவில்லை என்பது அவருக்குத் தெளிவாகவே தெரிந்தது.

தம்பி மைக்கேல் அருகில் இருக்கும்போது, கேதே எழுதிய பௌஸ்ட் நாடகத்தில் ஒவ்வொரு பக்கத்தின் முதல் வரிகளையும் மனப்பாடமாகச் சொல்லுவார். நினைவு அப்படியே இருந்தது. சிந்திக்கும் ஆற்றல்தான் தேய்ந்துகொண்டே வந்தது. அந்த வேதனை நோயின் வேதனையைவிடப் பெரிதாக இருந்தது. 1957 பிப்ரவரி 8-ந் தேதி வாஷிங்டனில் காலமானார். வயது 53. முடியாமல் நின்ற அந்தப் பிரதி 1958-ல் புத்தகமாக வந்தது.

அறைக்குள்ளேயே அடுப்பு

கணக்குப் போடும் வேகம் ஆண்டுக்கு ஆண்டு பெருகியது. நடுவழி மட்டும் குறுகலாகவே நின்றது. 1977-ல் ஜான் பேக்கஸ் என்ற நிபுணர் அந்த நெரிசலுக்கு வான் நியூமன் பெயரையே சூட்டினார். செயற்கை அறிவு வந்ததும் நெரிசல் முற்றியது. பதிலில் ஒவ்வொரு சொல்லுக்கும் கோடிக்கணக்கான எண்களை நினைவகத்திலிருந்து இழுத்து வரவேண்டும். ஓர் எண்ணைப் பெருக்க ஆகும் மின்சக்தியைப்போல் நூறு மடங்குக்கு மேல் அதைக் கொண்டு வருவதற்கே ஆகிறது என்று ஸ்டான்போர்டு பேராசிரியர் மார்க் ஹோரோவிட்ஸ் 2014-ல் கணக்கிட்டுக் காட்டினார்.

சாமானை ஏன் சுமக்க வேண்டும்? உக்கிராண அறையிலேயே அடுப்பு மூட்டினால் என்ன? தென் கொரியாவின் சாம்சங் கம்பெனி 2021-ல் நினைவகச் சில்லுக்குள்ளேயே கணக்குப் போடும் உறுப்புகளை வைத்துக் காட்டியது. நினைவகப் பலகையிலும் அப்படியே செய்தது. 2022-ல் எஸ்.கே. ஹைனிக்ஸ் கம்பெனியும் அதே வழியில் இறங்கியது.

மூளையில் நரம்பணுக்கள் சேரும் இடங்களே நினைவையும் தாங்குகின்றன, வேலையையும் செய்கின்றன. யந்திரம் இப்போதுதான் அந்தப் பக்கம் முதல் அடி எடுத்து வைத்திருக்கிறது. நோய்ப்படுக்கையில் வான் நியூமன் எழுதி முடிக்காமல் விட்டதும் அந்த மூளையைப் பற்றித்தான்.