நடுக் கதிரையில் இருப்பவர்

எங்கள் வீட்டில் 1995க்கு முந்திய படம் என்று மிஞ்சியிருப்பது ஒன்றே ஒன்றுதான். தடித்த மட்டையில் ஒட்டிய கறுப்பு வெள்ளைப் படம். வலது மேல்மூலையைக் கறையான் அரித்துவிட்டதால், அந்த மூலையில் நின்ற இரண்டு பெடியன்களுக்கு இப்போது தலையில்லை. பின்வரிசை வாங்கில் ஏறி நிற்கிறது. அதற்கு முன்னே ஒரு வரிசை நிலத்தில் நிற்கிறது. முன்வரிசையில் ஆசிரியர்கள் கதிரைகளில் இருக்கிறார்கள். மட்டையின் பின்பக்கத்தில் அப்பாவின் கையெழுத்தில் கொக்குவில் இந்துக் கல்லூரி, 1956 என்று எழுதியிருக்கிறது. எல்லாருடைய பெயர்களையும் வரிசையாக எழுதி வைத்திருந்தார். மழை பட்டதில் பாதிப் பெயர்கள் நீலக் கறையாகிவிட்டன.

போன வருடம் கனடாவிலிருந்து வந்த தங்கச்சியின் மகன் இந்தப் படத்தைக் கைபேசியில் எடுத்துப் பெருப்பித்துப் பார்த்தான். பின்வரிசையில் நின்ற அம்மப்பாவைக் காதை வைத்தே கண்டுபிடித்துவிட்டான். எங்கள் குடும்பத்து ஆண்களுக்குக் காது கொஞ்சம் வெளியே நிற்கும். பிறகு நடுக் கதிரையில் இருப்பவர் யார் என்று கேட்டான். ஹன்டி மாஸ்டர் என்றேன். பட்டப்பெயரா என்று கேட்டான். இல்லை, பெயரே அதுதான், கல்லூரி அதிபர், காந்தியை யாழ்ப்பாணத்துக்கு அழைத்தவர்களில் ஒருவர் என்றேன். அதற்குமேல் சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. அந்தப் படத்தின் கீழேயே வளர்ந்தவள் நான். வெட்கமாகப் போய்விட்டது. அவன் திரும்பிப் போன பிறகு தேடி வாசித்து இதை எழுதுகிறேன்.

முழுப்பெயர் சாமுவேல் ஹன்டி பேரின்பநாயகம். 1899 மார்ச் 29ஆம் திகதி மானிப்பாயில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். மானிப்பாயிலிருந்து கொக்குவிலுக்குச் சைக்கிளில் அரைமணி நேரம்கூட ஆகாது. ஆனால் அவர் கொக்குவிலுக்கு அதிபராக வந்துசேர ஐம்பது வருடம் பிடித்தது. இடையில் வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியிலும் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரியிலும் படித்தார். படித்த யாழ்ப்பாணக் கல்லூரிக்கே ஆசிரியராகவும் திரும்பினார்.

அந்தக் காலத்தில் ஆங்கிலம் படித்த யாழ்ப்பாணத்துப் பெடியனுக்கு முன்னால் இருந்த வழிகள் எல்லாருக்கும் தெரியும். கொழும்பில் கிளாக்கர் வேலை, இல்லாவிட்டால் மலாயா. இரண்டுக்கும் ஏற்ற சீதனம். 1924இல் 25 வயது ஹன்டியும் அவருடைய கூட்டாளிகளும் மாணவர் காங்கிரசைத் தொடங்கியபோது கேட்டவை வேறு. இலங்கைக்குப் பூரண சுதந்திரம், தாய்மொழியில் கல்வி, சாதி ஒழிப்பு, தமிழரும் சிங்களவரும் ஒருவர் மொழியை மற்றவர் படிப்பது, கோட்டும் கழுத்துப்பட்டியும் கழற்றிவிட்டுத் தேசிய உடை. பின்னாளில் செனற்றரான எஸ்.நடேசன், கல்வியாளர் கே.நேசையா போன்றவர்கள் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். சில வருடங்களில் அது யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் என்று பெயர் மாறியது.

காந்தி கதை எங்கள் வீட்டுக்குச் சுருட்டுக் கொட்டில் வழியாக வந்தது. அப்பப்பா சுருட்டுச் சுற்றுகிறவர். கொக்குவில் அப்போது சுருட்டுக்குப் பெயர்போன ஊர். கொட்டிலில் பத்து இருபது பேர் இருந்து சுருட்டுச் சுற்ற, ஒருவர் பத்திரிகையை உரத்து வாசிப்பார். வாசிக்கிறவருடைய கூலியை மற்றவர்கள் தங்கள் பங்கிலிருந்து கொடுப்பார்கள். எழுதப் படிக்கத் தெரியாத அப்பப்பாவுக்கு உலக அரசியல் எல்லாம் காதால் தெரியும். 1927 நவம்பர் 26ஆம் திகதி காந்தி யாழ்ப்பாணம் வந்தார். அழைத்து வரவேற்றதில் மாணவர் காங்கிரசுக்குப் பெரிய பங்கு இருந்தது. அப்பப்பாவுக்கு அப்போது 15 வயது. வேலையை விட்டுப் போய்ப் பார்த்ததாகச் சொல்லுவார். காந்தி யாழ்ப்பாணத்தில் நிற்கிற பழைய படம் எதைக் கண்டாலும் கூட்டத்தில் ஒரு தலையைத் தொட்டு அது தான்தான் என்பார். ஒவ்வொரு முறையும் வேறு தலை.

காந்தியை அழைப்பதைவிடக் கஷ்டமான வேலை ஊருக்குள் இருந்தது. பாடசாலைகளில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் நிலத்தில் இருந்தார்கள், அல்லது வாசலுக்கு வெளியே இருந்தார்கள். எல்லாப் பிள்ளைகளும் சமமாக வாங்கில் இருக்க வேண்டும் என்று 1929இல் அரசாங்கம் சொன்னபோது யாழ்ப்பாணத்துப் பெரியவர்கள் கொதித்தார்கள். 1930இல் பாடசாலைகளுக்கே தீ வைத்தார்கள். எங்கள் ஆக்களேதான் வைத்தார்கள். இதையும் நாங்கள் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். வாலிபர் காங்கிரஸ் சம ஆசனம், சம போசனம் என்ற பக்கத்தில் உறுதியாக நின்றது. ஹன்டி மாஸ்டர் வாழ்நாள் முழுக்க விட்டுக்கொடுக்காத விஷயங்களில் அது ஒன்று.

அவருடைய வாழ்க்கையில் மிகப் பெரிய அரசியல் காரியம் 1931இல் நடந்தது. நல்லதா கெட்டதா என்று இன்றும் ஆட்கள் வாதாடுகிறார்கள். டொனமூர் அரசியல் திட்டம் ஆணுக்கும் பெண்ணுக்கும் வாக்குரிமை கொடுத்தது. ஆனால் சுயராச்சியம் தரவில்லை. கமலாதேவி சட்டோபாத்தியாயா தலைமை வகித்த மாநாட்டில் வாலிபர் காங்கிரஸ் தேர்தலைப் பகிஷ்கரிக்கத் தீர்மானித்தது. மே மாதம் யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் ஒருவர்கூட நியமனப் பத்திரம் கொடுக்கவில்லை. வெற்றி என்றால் முழு வெற்றி. ஆனால் தெற்கிலிருந்து ஒரு தொகுதிகூடப் பின்னால் வரவில்லை. அவர்கள் தேர்தலில் நின்றார்கள், சபைக்குப் போனார்கள், மந்திரிகளானார்கள். வடக்கின் நான்கு ஆசனங்களும் 1934 வரை காலியாகக் கிடந்தன.

தேர்தல் பகிஷ்கரிப்பு என்றால் எங்கள் தலைமுறைக்கு 2005 ஞாபகம் வரும். அதனால் இந்தக் கதையை வாசிக்கும்போது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அப்பப்பாவுக்கு 1931இல் 19 வயது, வாக்கில்லை. அவருடைய தகப்பனாருக்கு, ஒரு புகையிலைத் தோட்டக் கூலிக்கு, வாழ்க்கையில் முதன்முதலாகக் கிடைத்த வாக்கு பெட்டியைக் காணாமலே போயிற்று. கொள்கைக்காகச் செய்தார்கள், பதவிக்காக இல்லை என்பதை நான் நம்புகிறேன். ஆனாலும் கூட வருவார்கள் என்று மற்றவர்களை அவ்வளவு நம்பியிருக்கக்கூடாது என்றே எனக்குத் தோன்றுகிறது.

அதன் பிறகு வாலிபர் காங்கிரசின் வீச்சுக் குறைந்தது. ஐம்பதுக்கு ஐம்பது என்று ஜீ.ஜீ.பொன்னம்பலம் கேட்டபோது ஊர் அவர் பின்னால் போனது. ஹன்டி மாஸ்டர் போகவில்லை. 1947 தேர்தலில் வட்டுக்கோட்டையில் நின்று தோற்றார். தமிழ்க் காங்கிரசின் கனகரத்தினம் வென்றார்.

1949இல் கொக்குவில் இந்துக் கல்லூரிக்கு அதிபரானார். கிறிஸ்தவ வீட்டில் பிறந்த ஒருவரை ஒரு இந்துக் கல்லூரி அதிபராக ஏற்றுக்கொண்டது. இன்றைக்கு இப்படி நடக்குமா என்று யோசித்துப் பாருங்கள். சுருட்டுத் தொழிலாளியின் பிள்ளை, தோட்டக்காரரின் பிள்ளை, நெசவுகாரரின் பிள்ளை படிக்க வந்த கிராமத்துப் பாடசாலை அது. பட்டணத்துப் பெரிய கல்லூரிகளின் பகட்டு அதற்கு இல்லை. 1960 வரை பதினொரு வருடம் அங்கே இருந்தார். அகில இலங்கை ஆசிரியர் சங்கத்தின் தலைவராகவும் இருந்தார். அப்பா அவரைப் பற்றிச் சொன்ன கதைகளை நான் இங்கே எழுதப் போவதில்லை. மாணவர்கள் அதிபரைப் பற்றிச் சொல்லும் கதைகள் வருடத்துக்கு வருடம் வளரும். ஒன்று மட்டும் நான் கண்ணால் கண்டது. அவருடைய பெயரைச் சொல்லும்போது அப்பா, சாய்மனைக் கதிரையில் படுத்திருந்தாலும் எழும்பி நிமிர்ந்து இருந்துகொள்வார்.

எங்கள் படம் எடுத்தது 1956இல். அந்த வருடம் யூன் மாதம் தனிச் சிங்களச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. கொண்டுவந்தவர் பண்டாரநாயக்க. 1926இல், அதற்குச் சரியாக 30 வருடம் முன்னால், இதே பண்டாரநாயக்க யாழ்ப்பாணம் வந்து மாணவர் காங்கிரசின் கூட்டத்தில் இலங்கைக்குச் சமஷ்டிதான் பொருத்தம் என்று பேசிவிட்டுப் போனவர். ஒரே நாடு, இரண்டு மொழிக்கும் ஒரே இடம் என்று 30 வருடமாகச் சொல்லிவந்த மனிதர் அந்த வருடம் பெடியன்களுக்கு நடுவில் இருந்து படம் எடுத்திருக்கிறார். அவர் முகத்தில் ஏதாவது தெரிகிறதா என்று பலமுறை பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. படம் எடுக்கும்போது எல்லாரும் கமராவைத்தான் பார்ப்பார்கள்.

அப்பா தெற்கில் ஒரு ஊரில் அரசாங்க உத்தியோகம் பார்த்தார். சிங்களம் படித்துச் சோதனை பாஸ் பண்ணினார். 1977 ஓகஸ்ட் கலவரத்தில் போட்டிருந்த சேட்டோடு கொக்குவிலுக்கு வந்துசேர்ந்தார். டிசெம்பர் 11ஆம் திகதி ஹன்டி மாஸ்டர் இறந்தார். அவர் படிப்பித்த வட்டுக்கோட்டையின் பெயரிலேயே தனிநாட்டுத் தீர்மானம் வந்து அப்போது ஒன்றரை வருடம். எனக்கு ஏழு வயது. அப்பா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு சைக்கிளில் செத்தவீட்டுக்குப் போனதும், திரும்பிவந்து இரவு சாப்பிடாமல் படுத்ததும் ஞாபகம் இருக்கிறது. 1980இல் அவருடைய எழுத்துகளையும் பேச்சுகளையும் தொகுத்து ஒரு நினைவு நூல் வந்தது. அடுத்த வருடம் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது.

என் அண்ணா 1966இல் பிறந்தவன். அவனும் கொக்குவில் இந்துவில்தான் படித்தான். சுவரில் தொங்கிய இந்தப் படத்துக்குக் கீழே அப்பாவும் அவனும் இரவு இரவாக வாதாடுவார்கள். உங்கள் மாஸ்டரின் வழி எங்கே கொண்டுபோய் விட்டது என்று அவன் கேட்பான். அப்பா முதலில் பதில் சொல்லுவார், பிறகு பிறகு பேசாமல் இருந்துவிடுவார். ஒருநாள் காலை அண்ணாவின் பாய் சுருட்டியபடி இருந்தது. 18 வயது. அப்பா படத்தைக் கழற்றி அலுமாரிக்குப் பின்னால் வைத்தார்.

1987 ஒக்டோபரில் கொக்குவிலில் என்ன நடந்தது என்று இதை வாசிப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 12ஆம் திகதி பிரம்படி ஒழுங்கை. பிறகு, சனம் அடைக்கலம் புகுந்திருந்த கொக்குவில் இந்துக் கல்லூரி மேல் இந்தியப் படையின் எறிகணைகள் விழுந்து 30க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். காந்தி வந்து 60 வருடம். மாஸ்டர் இறந்து 10 வருடம். அவர் அதைக் காணவில்லை. நாங்கள் நல்லூர்க் கோயிலில் இருந்தோம்.

வீட்டுக்குத் திரும்பியதும் வீடுவீடாகத் தேடுதல் தொடங்கியது. அம்மா அல்பங்களை எடுத்து அண்ணா இருந்த படங்களை எல்லாம் கழற்றினா. சோறு தீத்தின படம், ஏடு தொடக்கின படம், மஞ்சவனப்பதி முருகன் கோயில் தேரடியில் அப்பாவின் தோளில் இருந்த படம். அவன் மட்டும் நின்றவை, எங்களோடு நின்றவை, ஒன்றையும் விடவில்லை. அடுப்பில் ஒவ்வொன்றாக வைத்தா. கத்தரிக்கோலால் அவனை மட்டும் வெட்டி எடுத்தால் என்ன என்று நான் கேட்டேன். வெட்டின படத்தைக் கண்டால் வெட்டினது ஆர் என்று கேட்பார்கள் என்றா. இப்படிப் படம் எரித்த அடுப்புகள் எங்கள் ஒழுங்கையில் மட்டும் எத்தனை என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் உங்கள் ஒழுங்கையைத் தெரியும். அண்ணா திரும்பி வரவேயில்லை. அவன் இறந்த செய்திதான் வந்தது.

மிச்சப் படங்கள் 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவோடு போயின. வலிகாமம் முழுவதும் வெளிக்கிட்டு நாவற்குழிப் பாலத்தால் நெருக்குப்பட்டுப் போன மழை இரவு. அம்மா ஒரு சீலைப் பை மட்டும் தூக்கினா. சாவகச்சேரியில் ஒரு வீட்டு விறாந்தையில் பையைத் திறந்தபோது சீலைகளுக்கு நடுவே இந்த மட்டை இருந்தது. அவசரத்தில் கைக்கு அகப்பட்டது என்றா. அலுமாரிக்குப் பின்னால் இருந்தது எப்படிக் கைக்கு அகப்படும் என்று நான் கேட்கவில்லை. அப்பா வாங்கி, ஈரத்தைத் தன் சாரத்தால் ஒற்றி எடுத்தார். 1996இல் திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரையில்லை. கூரை போட்ட பிறகு முதல் ஆணி இந்தப் படத்துக்குத்தான் அடித்தார். 2011இல் அவரும் போய்விட்டார்.

ஹன்டி மாஸ்டர் சொன்னபடி நாடு நடந்திருந்தால் அண்ணா பாயைச் சுருட்டியிருக்க மாட்டான். மாஸ்டரை நம்பிய அப்பாவிடம் அண்ணாவின் கேள்விக்குப் பதிலும் இருக்கவில்லை. இந்த இரண்டையும் ஒன்றாக வைத்து என்னால் கணக்குப் பார்க்க முடியவில்லை.

போன மாதம் மருமகன் கனடாவிலிருந்து ஒரு பார்சல் அனுப்பியிருந்தான். படத்தைத் துப்புரவாக்கி, பின்வரிசையில் நின்ற அம்மப்பாவின் முகத்தை மட்டும் பெருப்பித்து அச்சடித்திருந்தான். 17 வயது. அரும்பு மீசை, நெற்றியில் விழுந்த மயிர், வெளியே நிற்கும் காது. கீழே ஒரு ஓரத்தில் மாஸ்டரின் வெள்ளைத் தோள் கொஞ்சம் தெரிந்தது. அம்மாவுக்கு இப்போது 82. கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, படத்தை யன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் நெடுநேரம் பார்த்தா. பிறகு, இவன்ரை படம் எல்லாத்தையும் எரிச்சனான், இது எங்காலை வந்தது என்று என்னைக் கேட்டா.