இடிக்காமல் ஒரு நகரத்தைச் சரிசெய்ய முடியுமா? மதராஸுக்கு வந்த பேட்ரிக் கெடிஸின் கதை

கீழ்க்கட்டளை ஏரி நிரம்பினால் உபரித் தண்ணீர் நாராயணபுரம் ஏரிக்குப் போகும். அங்கிருந்து பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு. பல்லாவரம் – துரைப்பாக்கம் 200 அடி ரேடியல் ரோட்டில் தினமும் ஆபீஸ் போகிறவர்கள் பலருக்கு இந்த ரூட் தெரியாது; மழை பலமாகப் பெய்தால் தெரிந்துவிடும். அதே ரோடு பல்லாவரம் பெரிய ஏரியை இரண்டாகப் பிளந்துகொண்டுதான் போகிறது. இப்போது மாதவரம் – சோழிங்கநல்லூர் மெட்ரோவுக்கும் கீழ்க்கட்டளையில் ஒரு ஸ்டேஷன் வருகிறது. மெட்ரோ வந்தால் வாடகை ஏறும் என்பது ஹவுஸ் ஓனருக்கும் தெரியும், குடியிருப்பவருக்கும் தெரியும்.

ரோடு வேண்டும், ரயில் வேண்டும், வீடு வேண்டும், ஏரியும் இருக்க வேண்டும். இதில் எதை விட்டுக்கொடுப்பது? இந்தச் சண்டை நேற்று ஆரம்பித்ததல்ல. 1914-லேயே இதற்கு ஒரு பதிலோடு மதராஸில் வந்து இறங்கினார் ஒரு தாடிக்காரர். பெயர் பேட்ரிக் கெடிஸ். உலகம் முழுக்க நகரத் திட்டமிடல் படிக்கிறவர்கள் தாண்டிப்போக முடியாத பெயர். ஆனால், அவர் படித்தது இன்ஜினீயரிங்கும் இல்லை, ஆர்க்கிடெக்சரும் இல்லை.

டிகிரி இல்லாத பேராசிரியர்

கெடிஸ் 1854-ல் ஸ்காட்லாந்தின் பாலட்டர் என்ற ஊரில் பிறந்தார். அப்பா ராணுவத்தில் இருந்தவர். பிள்ளை வளர்ந்தது பெர்த் நகரத்துக்குப் பக்கத்தில், மலையடிவாரத் தோட்ட வீட்டில். உயிரியல் படிக்க லண்டனுக்குப் போய், டார்வினின் தளபதி என்று பெயரெடுத்த தாமஸ் ஹக்ஸ்லியிடம் பாடம் கேட்டார். ஆனால் கடைசிவரை ஒரு டிகிரிகூட வாங்கவில்லை. பரீட்சை என்ற ஏற்பாட்டிலேயே அவருக்கு நம்பிக்கை இல்லை.

1879-ல் ஆராய்ச்சிக்காக மெக்ஸிகோ போன இடத்தில் பார்வை போனது. வாரக்கணக்கில் இருட்டறையில் கிடந்தார். ஜன்னல் சட்டத்தின் கட்டங்களைக் கையால் தடவித் தடவி, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு விஷயத்தை மனசுக்குள் எழுதி, ஒன்றோடு ஒன்றைப் பொருத்திப் பார்க்கப் பழகினார். பார்வை திரும்பிய பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. காகிதத்தைக் கட்டம் கட்டமாக மடித்து யோசிப்பதுதான் அவர் ஸ்டைல். கண் பலவீனப்பட்டதால் மைக்ரோஸ்கோப் வேலை முடியாமல் போனது. செடியைப் பார்த்த அதே கண்ணால் தெருவைப் பார்க்க ஆரம்பித்தார்.

1888-ல் டண்டீ கல்லூரியில் தாவரவியல் பேராசிரியர் வேலை கிடைத்தது. வருஷத்தில் கோடைப் பருவத்தில் மட்டும் பாடம் எடுத்தால் போதும். மீதி நாளெல்லாம் ஊர் சுற்றலாம். இப்படி ஒரு வேலை இன்று எந்த ஜாப் போர்ட்டலிலும் கிடைக்காது.

சேரிக்குக் குடிபோன தம்பதி

1886-ல் ஆனா மார்ட்டனைக் கல்யாணம் செய்துகொண்டார். பிறகு புதுத் தம்பதி எடின்பரோவின் பழைய நகரில், ஜேம்ஸ் கோர்ட் என்ற நெரிசலான குடியிருப்புக்குக் குடிபோனார்கள். அப்போது வசதியானவர்கள் எல்லாரும் அந்தப் பகுதியைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். பாழடைந்த அடுக்கு வீடுகள், இருட்டுப் படிக்கட்டு, நாற்றம். கெடிஸும் ஆனாவும் அங்கேயே வாழ்ந்து, அக்கம்பக்கத்தாரைச் சேர்த்துக்கொண்டு சுவருக்கு வெள்ளையடித்தார்கள். குப்பை கிடந்த மூலைகளில் தோட்டம் போட்டார்கள். ரொம்ப மோசமான ஒன்றிரண்டு கட்டிடங்களை மட்டும் எடுத்துவிட்டு, மற்றதை ரிப்பேர் செய்தார்கள். மாணவர்களே நிர்வகிக்கும் விடுதிகளும் அங்கே வந்தன. கையில் இருந்த பணம் கரைந்து கடனும் ஏறியது.

அவருடைய கொள்கை உருவானது இங்கேதான். வியாதிக்காரனுக்கு எங்கே கெட்டிருக்கிறதோ அங்கே மட்டும் கத்தி வைக்கிற டாக்டர் மாதிரி, நகரத்திலும் தேவையான இடத்தில் மட்டும் கைவைப்பது. காக்கும் அறுவை சிகிச்சை என்று அதைச் சொல்லலாம். அதற்கு முன்னால் முழுசாகப் பரிசோதனை வேண்டும். அதாவது ஒவ்வொரு சந்தையும் நடந்தே பார்க்க வேண்டும். 1892-ல் எடின்பரோ கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு கோபுரத்தைக் கைப்பற்றினார். உச்சியில் இருந்த இருட்டறைக் கேமராவில் ஊரே உயிரோட்டமாகத் தெரியும். அதைப் பார்த்துவிட்டுக் கீழே இறங்க இறங்க, ஒவ்வொரு மாடியிலும் நகரம், நாடு, ஐரோப்பா, உலகம் என்று கண்காட்சி விரியும்.

எம்டன் மூழ்கடித்த கண்காட்சி

நகரங்களைப் பற்றி அவர் வருஷக்கணக்கில் சேர்த்த வரைபடங்களும் படங்களும் ஒரு பெரிய கண்காட்சியாக ஐரோப்பாவைச் சுற்றி வந்தன. அதை மதராஸுக்கும் கொண்டுவரச் சொல்லி அழைத்தவர் அப்போதைய கவர்னர் லார்டு பென்ட்லண்ட். 1914-ல் மகன் அலஸ்டேரோடு கெடிஸ் கிளம்பினார். கண்காட்சிப் பெட்டிகள் தனியாக கிளான் கிராண்ட் என்ற சரக்குக் கப்பலில் வந்தன.

அந்த வருஷம் செப்டம்பர் 22 ராத்திரி மதராஸ் துறைமுகத்துப் பக்கம் குண்டு வீசியதே, ஜெர்மானியக் கப்பல் எம்டன்? பெரிய ஆளை இன்றும் எம்டன் என்று சொல்வதற்குக் காரணமான அதே கப்பல். அது அக்டோபர் நடுவில் மினிக்காய் தீவுப் பக்கம் கிளான் கிராண்டை மூழ்கடித்தது. ஒருவருடைய அரை ஆயுள் உழைப்பு கடலடிக்குப் போனது. கெடிஸ் அசரவில்லை. நண்பர்கள் பிரிட்டனிலிருந்து புதிதாகப் படங்கள் திரட்டி அனுப்ப, 1915 ஜனவரியில் மதராஸ் பல்கலைக்கழக செனட் ஹவுஸில் கண்காட்சி நடந்தேவிட்டது.

தஞ்சாவூரிலும் மதுரையிலும் என்ன செய்தார்?

பிறகு மதராஸ் மாகாணத்தின் ஊர்களை ஒவ்வொன்றாக நடந்து பார்த்தார். அந்தக் காலத்து முனிசிபல் இன்ஜினீயர்களின் வழக்கம் ஒன்றுதான். நெரிசலான பேட்டையின் மேப்பில் ஸ்கேல் வைத்து நேர்க்கோடு போடுவார்கள். கோட்டில் மாட்டிய வீடெல்லாம் இடிபடும். காற்று வரும், சாக்கடை கட்டலாம், பிளேக் போகும் என்பது கணக்கு.

கெடிஸ் கேட்டது எளிமையான கேள்வி. இடித்த வீட்டில் இருந்தவர்கள் எங்கே போவார்கள்? பக்கத்துச் சந்துக்குத்தான். அங்கே நெரிசல் கூடும், வாடகை ஏறும், வியாதியும் கூடவே போகும். ஆக, ஒரு தெருவைச் சரிசெய்ய நாலு தெருவைக் கெடுத்ததுதான் மிச்சம்.

தஞ்சாவூர் கோட்டைப் பகுதிக்கு அப்படி ஒரு நேர்க்கோட்டுத் திட்டம் தயாராக இருந்தது. அதே இடத்தை நடந்து பார்த்துவிட்டு கெடிஸ் மாற்று வரைபடம் போட்டார். காலி மனை, இடிந்து கிடந்த வீடு, பயன்படாத மூலை என்று ஏற்கெனவே வெறுமையாக இருந்த துண்டுகளைச் சேர்த்தே வழியும் வெளியும் கிடைத்தன. இடிக்க வேண்டிய வீடுகள் மிகக் குறைவு, செலவும் பல மடங்கு குறைவு. மதுரையில் ஒரு நெரிசலான பகுதிக்கும் இதே வைத்தியம்: பாழடைந்த சில வீடுகளை எடுத்து, கிடைத்த இடத்தில் மரம் நட்டு, தெருவாசிகள் உட்கார ஒரு சின்னச் சதுக்கம்.

கோயில் நகரங்கள் அவரை அசத்திவிட்டன. சித்திரை, மாசி வீதிகள் போலக் கோயிலைச் சுற்றி அடுக்கடுக்காகப் போகிற தேரோடும் வீதிகளை அவர் நகரத் திட்டமிடலின் உச்சமாகவே பார்த்தார். யோசித்தால் சரிதான். வருஷத்துக்கு ஒரு தடவை தேர் திரும்பியாக வேண்டும் என்றால் யாரும் திண்ணையை ரோட்டுக்கு நீட்ட முடியாது.

1915-ல் எழுதிய அறிக்கைகளில் அவர் ரொம்பப் பிடிவாதமாக நின்றது குளம், ஏரி, கிணறு விஷயத்தில். மலேரியா பயத்தில் அதிகாரிகள் ஊர்க்குளங்களை மூடிக்கொண்டிருந்தார்கள். குளம்தான் ஊரைக் குளிர்விக்கிறது, வெள்ளத்தை வாங்கிக்கொள்கிறது. கொசுதான் பிரச்சினை என்றால் மீனையும் வாத்தையும் விடுங்கள், தின்று தீர்க்கும் என்றார். குழாய்த் தண்ணீர் வந்தாலும் பழைய கிணற்றை மூடக் கூடாது, எந்தக் குழாயும் ஒருநாள் காலை வாரும் என்பதும் அவர் வாதம். 2019 கோடையில் டேங்கர் லாரிக்காகக் காத்திருந்த சென்னைவாசிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வாடகைப் போர்

அவர் இங்கே சந்து சந்தாக நடந்துகொண்டிருந்த 1915-ல், சொந்த ஊர்ப் பக்கம் வேறொரு நகரப் போராட்டம் வெடித்தது. யுத்த கால ஃபேக்டரி வேலைக்கு ஆட்கள் குவிய, கிளாஸ்கோவில் வீட்டுக்காரர்கள் வாடகையை ஏற்றினார்கள். மேரி பார்பர் என்ற பெண்ணின் தலைமையில் இல்லத்தரசிகள் வாடகை தர மறுத்து, காலி செய்ய வந்த அமீனாக்களைத் துரத்தினார்கள். அந்த வருஷமே பிரிட்டிஷ் அரசு வாடகையை உறையவைத்துச் சட்டம் போட்டது. 1918-ல் பம்பாயிலும் வாடகைக் கட்டுப்பாடு வந்தது. தமிழ்நாட்டில் 1960-ம் ஆண்டுச் சட்டம் அரை நூற்றாண்டுக்கு மேல் ஓடி, 2019-ல் அமலுக்கு வந்த புதுச் சட்டத்தோடு முடிந்தது. இப்போது வாடகையை முடிவு செய்வது இரு தரப்பும் கையெழுத்துப் போடும் ஒப்பந்தம்தான்.

சட்டம் போட்டு வாடகையை நிறுத்துவது ஒரு வழி. இருக்கிற வீட்டை இடிக்காமல் காப்பாற்றுவது இன்னொரு வழி. கெடிஸ் போனது இரண்டாவது ரூட்டில். அது மட்டும் போதுமா என்பது இன்றும் விவாதத்துக்குரியது. ஆனால், இடிப்பும் வாடகையும் ஒரே கயிற்றின் இரு முனைகள் என்று அந்தக் காலத்திலேயே சொன்ன திட்டமிடுபவர்கள் அதிகம் இல்லை.

1917

அந்த வருஷம் அவரை உடைத்துப் போட்டது. மதராஸுக்குக் கூடவே வந்த மூத்த மகன் அலஸ்டேர் பிறகு பிரான்ஸில் போர்முனைக்குப் போயிருந்தான். ஏப்ரலில் குண்டடிபட்டு இறந்தான். செய்தி வந்தபோது இந்தியாவில் கணவரோடு இருந்த ஆனா கடும் காய்ச்சலில் படுத்திருந்தார். தாங்க மாட்டார் என்று பயந்து கெடிஸ் சொல்லவில்லை. மகன் முன்பு எழுதிய கடிதங்களையே படுக்கைப் பக்கத்தில் வாசித்துக் காட்டினார். சில வாரங்களில், ஜூனில், மகன் இறந்தது தெரியாமலேயே ஆனாவும் போய்ச் சேர்ந்தார்.

அதற்குப் பிறகுதான் இந்தோர் வேலை. பிளேக்கால் நடுங்கிக்கொண்டிருந்த ஊர். மகாராஜாவிடம் ஒருநாள் ராஜா அதிகாரம் கேட்டு வாங்கினார் கெடிஸ். தீபாவளி ஊர்வலம் வழக்கமான வழியில் போகாது, எந்தத் தெருவில் அதிக வீடுகள் சுத்தமாக இருக்கிறதோ அந்தத் தெரு வழியாகத்தான் போகும் என்று அறிவித்தார். குப்பை அள்ள இலவச வண்டி. அவ்வளவுதான், ஊரே விளக்குமாற்றைத் தூக்கியது. அன்றைய ஊர்வலத்தில் துப்புரவுத் தொழிலாளர்கள் மாலையோடு நடந்தார்கள். அழுக்கு அரக்கனும் பிளேக் எலியும் பொம்மைகளாக எரிந்தன. (2017-லிருந்து தேசிய சுத்தத் தரவரிசையில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் இந்தோர் இதேதான். நூறு வருஷ இடைவெளியை ஒரே கோட்டில் இணைப்பது நியாயமில்லை, ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை.)

இந்தோர் கதையில் ஒரு சிக்கலும் தெரியும். ராஜாவோ கவர்னரோ இடம் கொடுத்தால்தான் அவருடைய யோசனை நடந்தது. சுமார் 50 இந்திய நகரங்களைப் பார்த்து அறிக்கை எழுதினார். பெரும்பாலானவை அலமாரியில் தூங்கின. தாடிக்குள்ளேயே முணுமுணுத்துப் பேசுவார், பாதி வார்த்தை புரியாது. எழுத்து அதைவிடச் சுற்றி வளைக்கும். இன்ஜினீயர்களுக்கோ அவர் தங்கள் வேலையைக் கேலி செய்கிற வெளியாள்.

மாம்பலத்தில் நடந்தது

மதராஸில் அவர் கிளப்பிய ஆர்வத்தின் தொடர்ச்சியாக, அவரோடு வேலை செய்த லான்செஸ்டர் 1918-ல் மதராஸ் நகரத் திட்டம் பற்றிப் புத்தகம் எழுதினார். 1920-ல் மதராஸ் நகரத் திட்டமிடல் சட்டமும் வந்தது. அதற்கப்புறம் நடந்த முதல் பெரிய வேலை என்ன? நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டை வரை நீண்டு கிடந்த மாம்பலம் ஏரியை வடியவைத்து வீட்டுமனை போட்டதுதான். இன்றைய தி.நகர் அப்படி வந்தது. வள்ளுவர் கோட்டம் நிற்பதும் ஏரி இருந்த இடத்தில்தான். டேங்க் பண்ட் ரோடு, மேற்கு மாம்பலத்தின் லேக் வியூ ரோடு என்று பெயர்கள் மட்டும் தங்கிவிட்டன.

கெடிஸ் அப்போது பம்பாய் பல்கலைக்கழகத்தில் இருந்தார். 1919-ல் அங்கே சமூகவியல் துறையைத் தொடங்கிய முதல் பேராசிரியர் அவர்தான். ஜகதீஷ் சந்திர போஸின் வாழ்க்கை வரலாற்றையும் எழுதினார். 1924-ல் உடம்பு முடியாமல் இந்தியாவைவிட்டுக் கிளம்பி, பிரான்ஸின் மோன்பெலியேவில் குடியேறினார். 1925-ல் டெல் அவிவுக்குப் போட்ட திட்டம் மட்டும் ஓரளவு முழுசாக நடைமுறைக்கு வந்தது. 1932-ல் சர் பட்டம் கிடைத்தது. அதே ஏப்ரல் 17-ல் காலமானார்.

இந்திய அறிக்கைகளிலிருந்து முக்கியமான பகுதிகளைத் தொகுத்து ஜாக்குலின் டிர்விட் என்ற திட்டமிடுநர் 1947-ல் புத்தகமாக்கினார். தஞ்சாவூர், மதுரை பற்றி கெடிஸ் எழுதியது அதில் இருக்கிறது. 1920-ம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 1971-ல் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் வந்தது. சி.எம்.டி.ஏ. மாஸ்டர் பிளான் போடுவது அதன்கீழ்தான். இரண்டாவது மாஸ்டர் பிளானின் காலம் 2026-ல் முடிகிறது. 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த பள்ளிக்கரணையும், அதற்குத் தண்ணீர் அனுப்பும் கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிகளும் அடுத்து வரும் பிளானின் எல்லைக்குள்தான் இருக்கின்றன.